வழித்த நாக்கு

செப்டம்பர் 18

இல்லை, பசிக்காமல் இல்லை. பசிக்கிறது. தட்டோடு வந்து உட்கார்ந்ததும் போய்விடுகிறது. பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டு வந்தேன். வாயு. அவ்வளவுதான்.

செங்டுவில் இன்றும் வெயில் இல்லை. காயாத துணி அறை முழுக்கத் தொங்குகிறது. சீனாவுக்கு வந்து இது மூன்றாவது இலையுதிர்காலம். துணி காயவில்லை என்பது இப்போது செய்தியே இல்லை. இன்று யாரிடமும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அதனால் இதையாவது எழுதுகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா கூப்பிடுவாள். கோயிலுக்குக் கட்டிய புடவையோடு, நின்றபடியே.

"சாப்ட்டியாளா?"

"ஆச்சு."

"என்ன சாப்ட்ட?"

"நூடுல்ஸ்."

"காலைலயும் அதாம், மத்தியானமும் அதாம். வேற ஒண்ணும் வைக்க மாட்டாவளா அந்த ஊர்ல?"

"வைப்பாங்க. நீ என்ன வச்ச?"

"ஒருத்திக்கு என்னத்த வைக்க. ரசந்தான்."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதில்லை. ஓடட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"லில்லி டீச்சர் கேக்கா, ஒம் மக சீனாவுல என்னத்த படிக்கான்னு. நாக்கு படிக்கான்னேன். சிரிக்கா."

மறுபடியும் விளக்கினேன். சீன வைத்தியர் நோயாளியின் நாக்கைப் பார்க்கிறார், நாடி பிடிக்கிறார், வயிற்றில் இன்ன கோளாறு என்று ஒரு பெயர் சொல்கிறார். அதே ஆளின் ரத்தத்தை நான் சோதிக்கிறேன். இரைப்பையின் உட்சுவர் தேயத் தேய, ரத்தத்தில் பெப்சினோஜன் என்ற புரதம் குறையும். அவர் சொல்லும் பெயரும் என் புரதமும் ஒத்துப்போகிறதா என்பதுதான் ஆய்வு.

"ரெண்டு பேரு சொல்லுததுல எது சரி?"

"அதத்தாம்மா பாக்கேன்."

"ரெண்டும் சரியா இருந்துட்டா?"

"அப்ப பட்டம் தருவாங்க."

போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். அந்தக் கோணத்தில் கன்னம் நிறைந்து தெரிகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டும், அவர்களுக்குத்தான் பஞ்சம். நோயில்லாத யார் காலையில் வெறும் வயிற்றோடு மருத்துவமனைக்கு வந்து நாக்கை நீட்டுவார்கள்? ஆய்வகத்தில் வேலை செய்பவர்களையே சேர்த்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் வெய் சொல்லிவிட்டார். நானும் சேர்ந்தேன்.

கேள்விகள் கேட்டவள் பெய்லிங். பக்கத்து மேசை. ஒரே விடுதி, ஒரே தளம். என் முழுப்பெயர் கிருபை. முதல் நாள் அதைச் சொல்ல முயன்று தோற்று, 'கீ' என்று வைத்தவள் அவள்தான்.

"வயித்துல தொந்தரவு ஏதாவது?"

"இல்லை."

"நேத்து பாதிச் சாப்பாட்டைக் கொட்டினியே, அது யாரோட வயிறு?"

"அது சமையல்காரரோட தப்பு."

சிரித்தாள். "வீட்டுல யாருக்காவது இரைப்பையில நோய்?"

"அப்பா."

"இப்ப எப்படி இருக்கார்?"

"இல்லை."

பேனா நின்றது. பிறகு, "உனக்கு எதுவும் இல்லைன்னா சேர்த்துக்கலாம். விதி அதுதான்," என்றாள். எனக்கு எதுவும் இல்லை என்றேன். ரத்தம் எடுத்தாள், நாக்கைப் படம் எடுத்தாள்.

மதியம் நாடிச் சோதனை. ஒரே கையை வெவ்வேறு வாரங்களில் பிடித்தால், எங்கள் ஆய்வின் சீன வைத்தியர் லோ டாக்டர் ஒரே பதிலைச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கை தேவை. வியாழன்தோறும் என் கை. திரையில் ஒரு துவாரம். அதன் வழியே கையை மட்டும் நீட்ட வேண்டும். யாருடையது என்று அவருக்குத் தெரியக்கூடாது.

"இந்தத் தளத்துலயே ஒரே ஒரு இந்தியக் கை," என்றார் திரைக்கு அந்தப் பக்கமிருந்து. "எனக்குத் தெரியாம இருக்க நான் குருடனா இருக்கணும். சரி, கண்ணை மூடிக்கிறேன்."

மூன்று விரல்கள். முதலில் மேலோட்டமாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு எலும்பு தெரிய. அவர் கை சூடாக இருந்தது. சூரியகாந்தி விதை வாசனை. அவசரப்படாமல் பிடிப்பார். நான் திரையின் நெசவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 2

தேசிய விடுமுறை. பெய்லிங் ஊருக்குப் போய்விட்டாள். விடுதி காலி. வியாழன்தான், ஆனால் லோவும் இல்லை.

அக்டோபர் 4

வாசல் காவலாளி தலையசைத்தார். நானும்.

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மாவிடம் இங்கே எல்லோரும் கூடியிருக்கிறோம், நிலாப் பண்டிகை வருகிறது என்றேன். நிலாப் பண்டிகை என்பது உண்மை.

அப்பாவுக்கும் முதலில் வாயுதான். பள்ளிக்கூடப் பையில் பிங்க் நிற மருந்து பாட்டில் வைத்திருந்தார். வகுப்புப் பையன்கள் அதைக் குடித்துப் பார்த்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்; தட்டில் குறையாது. யாரும் கவனிக்கவில்லை, ஏனோ. எங்கள் வீட்டில் தட்டைப் பார்க்கிற பழக்கம் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசுவோம்.

நாக்கு வழிக்கும்போது அவர் போடும் சத்தத்தில் தெருவே விழிக்கும். விடிந்ததும் வாஷ்பேசின் முன்னால் நின்று, நாக்கை வெளியே இழுத்து, அடித்தொண்டையிலிருந்து. அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா காப்பி வைக்கப் போவாள். கடைசி வருடம் சத்தம் சன்னமாகிவிட்டது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

படம் வாசிக்கும் நாள். விளக்கணைத்த அறை, பெரிய திரை, ஒவ்வொன்றாக நாக்கு. பெயர் கிடையாது, குறியீடு மட்டும். லோ சொல்லச் சொல்ல பெய்லிங் தட்டச்சு செய்வாள். நான் படத்தை மாற்றுவேன்.

லோவுக்கு நாற்பது இருக்கலாம். காகிதக் கோப்பையில் விதைத் தோலைத் துப்பிக்கொண்டே வாசிப்பார்.

"மஞ்சள் படிவு, தடிமன். ஈரமும் சூடும் சேர்ந்திருக்கு. அடுத்தது. ஓரத்துல பல் தடம். மண்ணீரல் சோர்ந்துபோச்சு. அடுத்தது. இது நோயே இல்ல, நேத்து ராத்திரி கொதிக்கக் கொதிக்க ஹாட்பாட் விருந்து. பேராசைக்கு என்கிட்ட மருந்து கிடையாது. அடுத்தது."

அடுத்தது இளஞ்சிவப்பு. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது.

லோ கொறிப்பதை நிறுத்தினார். "இது எந்தக் கூட்டம்?"

"நோயில்லாதவங்க."

"அப்படியா? படிவே இல்லையே. நல்ல நாக்குன்னா மெல்லிசா ஒரு வெள்ளை இருக்கணும், நிலத்துக்குப் புல் மாதிரி. இது வெறும் தரை. ஒண்ணு, இந்த ஆளோட இரைப்பை உள்ளுக்குள்ள வறண்டுகிட்டு வருது. இல்லன்னா யாரோ கூட்டிப் பெருக்கியிருக்காங்க."

பெய்லிங் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கீ பெருக்குவா," என்றாள். "தினமும் காலைல. ஒரு எஃகு வளையம் வச்சிருக்கா. மொத நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பார்த்தேன்."

விளக்கைப் போடச் சொன்னார் லோ. கையால் செய்து காட்டினேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது. பல் தேய்க்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுப்பார்கள். வழிக்காமல் காப்பி குடித்தால் அம்மா டம்ளரைப் பிடுங்கிவிடுவாள். அதுவும் மருத்துவமனைக்குப் போவதென்றால் இரண்டு தடவை.

லோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்க ஊர்ல நான் கடை போட்டா பட்டினிதான்! காலைல எழுந்து மொத வேலையா தடயத்தை அழிச்சிடுறீங்க. திருடங்க கூட இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டாங்க."

படத்தை விலக்குவது என்று முடிவு. கொஞ்ச நாள் வழிக்காமல் இருந்து மறுபடி எடுக்க வேண்டும். சரி என்றேன்.

ஆக, வெறும் தரைக்குக் காரணம் நாக்கு வழிப்பான். நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 10

வழித்தேன். குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல்.

அக்டோபர் 11

வழித்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

திரை. மூன்று விரல்கள்.

"பெருக்குறதை நிறுத்தியாச்சா?" என்றார் அந்தப் பக்கமிருந்து.

"நிறுத்தியாச்சு."

முகம் தெரியாதபோது பொய் எளிது.

"நாடி நூல் மாதிரி இருக்கு. போன தடவையும் இதையேதான் சொன்னேனா?"

"சொல்லக்கூடாது. விதி."

"சரி, சரி. நல்லா சாப்பிடு. இது விதியில இல்ல, நான் சொல்றது."

கேன்டீனுக்குப் போனேன். கோழித் துண்டுகள், காய்ந்த மிளகாய், நாக்கை மரத்துப்போக வைக்கும் இந்த ஊர் மிளகு. இந்த ஈரத்துக்கு அதுதான் மருந்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று வாய். வயிறு கல்லை விழுங்கியது போல நிறைந்துவிட்டது. மிச்சத்தை டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன், பெய்லிங் பார்க்கும்படி.

அக்டோபர் 23

பெல்ட்டில் இன்னொரு துளை போட்டேன். கத்தரிக்கோல் நுனியால் சரியாக வரவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

நாடி பிடிக்கும் கருவி வந்துவிட்டது. மணிக்கட்டில் பட்டை கட்டினால் மூன்று இடத்திலும் அழுத்தி, அலையாக வரைந்து தருகிறது. துல்லியமாக இருக்கிறது. பெய்லிங் ஒரு ரப்பர் கையை மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

லோ அதைச் சந்தேகமாகப் பார்த்தார். "எனக்கு மதியம் லீவு விட்டாச்சு," என்றார்.

இனி வியாழன் போகத் தேவையில்லை. நல்லது. நேரம் மிச்சம்.

நவம்பர் 6

மதியம் நாடி பார்த்த அறைப் பக்கம் போக ஒரு வேலை இருந்தது. திரையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள்.

நவம்பர் 11

ரத்த முடிவுகள் வந்தன. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. நோயில்லாதவர்கள் பச்சை, மேலே கூட்டமாக. 'இரைப்பை வறண்டது' என்று லோ சொன்னவர்கள் பழுப்பு. புரதம் குறைந்து கீழே. இத்தனை தெளிவாக வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் நாக்கில் பார்த்ததை ரத்தம் ஆமோதிக்கிறது. பெய்லிங் மேசையைத் தட்டினாள்.

கீழே, பழுப்புக் கூட்டத்துக்குள், ஒரே ஒரு பச்சைப் புள்ளி.

பெய்லிங் திரைக்கு அருகே குனிந்தாள். புள்ளியின் மேல் சுட்டியை வைத்தால் குறியீடு தெரியும். வைத்தாள். நான் பார்க்கவில்லை. தண்ணீர் பிடிக்க எழுந்துவிட்டேன்.

மாதிரி கெட்டுப்போயிருக்கும். குளிர்பெட்டியை அடிக்கடி திறந்து மூடுகிறார்கள்.

நவம்பர் 13

பேராசிரியர் வெய் வரைபடத்தைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்தார். அவர் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

"அந்த ஒண்ணு என்ன?"

"நாக்குப் படம் ஏற்கெனவே விலக்கினதுதான்," என்றேன். "வழிச்ச நாக்கு. விதிமீறல்."

"அப்ப ரத்த முடிவையும் எடுத்துடு. ஒரே ஆள்தானே."

யார் அந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் முறை. பெய்லிங் என்னைப் பார்த்தாள், பிறகு வரைபடத்தைப் பார்த்தாள்.

நானே நீக்கினேன். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அழித்து, மறுபடி ஓட்டினேன். பச்சை மேலே, பழுப்பு கீழே. நடுவில் யாரும் இல்லை. அழகாக இருந்தது.

நவம்பர் 14

காலையில் என் மேசையில் ஒரு டப்பா. திறந்தேன். தினைக் கஞ்சி, சூடாக. பெய்லிங் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

குடித்தேன். பாதி.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மா: "என்னட்டி, மூஞ்சியே காணல, நெத்திதான் தெரியுது. போன எறக்கு."

நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 17

டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெய்லிங் வாங்கவில்லை.

"அந்தப் புள்ளி நீதானே."

"குறியீடு யாருக்கும் தெரியக்கூடாது."

"கீ."

"வழிச்ச நாக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். தரவு கெட்டுப்போச்சு."

"நாக்கை வழிச்ச, சரி. ரத்தத்தை யார் வழிச்சா?"

டப்பாவை இன்னொரு தடவை நீட்டினேன்.

"எங்க ஊர்ல உன்னை மாதிரி ஒரு ஆட்டைப் பார்த்திருக்கேன்," என்றாள். "கத்தவே கத்தாது. எல்லா ஆடும் கத்தும், இது நிக்கும். எங்க அப்பா அதைத்தான் தினமும் மொதல்ல போய்ப் பார்ப்பார்." டப்பாவை வாங்கிக்கொண்டாள். "நாளைக்குப் பூசணிக் கஞ்சி. கொட்டினா உன் தலையில கொட்டுவேன்."

ஆட்டோடு ஒப்பிட்டதற்குக் கோபப்பட்டிருக்கலாம். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 18

வழிக்கவில்லை.

நாள் முழுக்க வாய் என்னுடையதாக இல்லை. பேசும்போது கையை வைத்து மறைத்தேன். காப்பி குடிக்கும்போது அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்பது போல ஒரு பயம்.

நவம்பர் 19

வழிக்கவில்லை.

நவம்பர் 21

ஓரங்களில் வெள்ளை படிகிறது. நுனிக்கு அருகிலும். லோ சொன்னது போலவே, மெல்லியதாக. இத்தனை வருடங்களில் நான் இதைப் பார்த்ததே இல்லை. முளைப்பதற்குள் வழித்துவிடுகிறேன்.

நடுவில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

நடுவில் ஒன்றுமில்லை. நீளவாக்கில் ஒரு தீவு. சிவப்பு, வழுவழுப்பு, வெளிச்சம் பட்டால் மினுங்குகிறது.

லோவின் புத்தகத்தில் நாக்கின் நடுப்பகுதி இரைப்பைக்கு உரியது. என் புத்தகத்திலும் இருக்கிறது: உட்சுவர் தேய்ந்தால் பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்ளாது, இரும்பும் சேராது, நாக்கு வழுவழுப்பாகும். இரண்டு புத்தகமும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஒரு ஆள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

நவம்பர் 24

லோவின் அறைக்குப் போனேன். நோயாளிகள் போனபின். படம் எடுக்கவில்லை, சும்மா நீட்டினேன்.

விதைப் பொட்டலத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். கை காட்டச் சொன்னார். இந்த முறை திரை இல்லை. கண்ணையும் மூடவில்லை. நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"எவ்வளவு நாளா?"

"வசந்தத்திலேருந்து."

"என்ன செய்யுது?"

சொன்னேன். முதல் தடவையாக முழுதும். நிறைந்துபோவது, எரிச்சல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, பெல்ட். நோயாளிகளிடம் நான் கேட்கும் அதே வரிசையில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் நடுவில் கேள்வியே கேட்கவில்லை.

"கஷாயம் எழுதித் தரீங்களா?" என்றேன்.

"மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியல, அதான். வறண்டிருக்குன்னு என்னால சொல்ல முடியும். வறட்சிக்குள்ள வேற என்ன ஒளிஞ்சிருக்குன்னு விரலுக்குத் தெரியாது. மொதல்ல மூணாவது மாடிக்குப் போ. கேமரா விட்டுப் பார்க்கட்டும். அப்புறம் என்கிட்ட வா, கசப்பா ஒண்ணு எழுதித் தர்றேன், ஜென்மத்துக்கும் மறக்க மாட்ட."

"உங்க முறையில—"

"சின்ன கீ, என் முறையில மொத வேலை நோயாளி உயிரோட இருக்கறது."

கையை விட்டார். மணிக்கட்டில் விரல் பட்ட இடம் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

நவம்பர் 26

மூன்றாவது மாடி. பதிவு செய்யும் இடத்தில் இருந்த செவிலி தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மயக்க ஊசி போட்டா, போடாமலா?"

"போட்டு."

"கூட யார் வருவாங்க? சொந்தக்காரங்க ஒருத்தர் வரணும். எழுந்ததும் தனியா விட மாட்டோம்."

பின்னால் வரிசை நின்றது. ஒரு கிழவரின் தோளைப் பிடித்தபடி அவர் மகன். ஒரு பெண், அவள் கணவன், அவன் கையில் அவள் கோட்டு.

"அப்ப மயக்கம் வேண்டாம்," என்றேன்.

இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "கஷ்டமா இருக்கும். நிறைய பேர் பாதியில குழாயைப் பிடுங்கிடுவாங்க."

"பரவாயில்லை."

யாருமில்லை என்று சொல்வதைவிட அது எளிதாக இருந்தது. டிசம்பர் 4 என்று சீட்டுக் கொடுத்தாள்.

நவம்பர் 27

குழாய் எவ்வளவு தடிமன் என்று ஒரு நோயாளியிடம் கேட்டேன். சுண்டுவிரலைக் காட்டினார். பிறகு யோசித்து, மோதிரவிரலைக் காட்டினார்.

நவம்பர் 28

பெய்லிங் என் மேசையில் ஸ்டேப்ளர் தேடும்போது சீட்டைப் பார்த்துவிட்டாள்.

"மயக்கம் இல்லாமலா? உனக்குப் பைத்தியமா?"

"தாங்கிக்குவேன்."

"தாங்கிக்குவ. அதுதான் உன் வியாதியே. ஏன் இப்படிப் போட்ட?"

"கூட ஒரு ஆள் வேணுமாம்."

"நான் யார்? அலமாரியா?"

"சொந்தக்காரங்கதான் வரணுமாம்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். எனக்கு மூச்சு வாங்கியது. நடுவில் நின்று, காத்திருந்து ஏறினாள். அதே செவிலி.

"மயக்கத்தோட மாத்துங்க. நான் கூட வர்றேன்."

"உறவு?"

"அக்கா."

செவிலி என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். எந்த ஊர்க் கண்ணுக்கும் நாங்கள் அக்கா தங்கை இல்லை.

"நான் உன்னைவிட மூத்தவ," என்றேன் தாழ்ந்த குரலில்.

"எடையில நான்தான் மூத்தவ. வாயை மூடு." செவிலியிடம் திரும்பினாள். "அக்கான்னே எழுதுங்க. இவ அம்மா வெயில்ல நின்னுட்டாங்க."

செவிலி உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

நவம்பர் 30, ஞாயிறு

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். லில்லி டீச்சர் பேத்தி ஞானஸ்நானம் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 3

ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. நானே கூப்பிட்டேன். புதன்கிழமை என் பெயரைப் பார்த்ததும் பயந்துதான் எடுத்தாள்.

"என்னளா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் டிவியை அணைத்தாள். முதல் தடவையாக அந்த வீட்டின் அமைதி எனக்குக் கேட்டது.

"நாக்கு என்ன வெள்ளையா கெடக்கு? வழிக்கலியா?"

"வழிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"யாரு?"

"இங்கத்த டாக்டர்."

"அந்த ஊர்ல பல்லாவது தேப்பாவளா?"

சிரித்தேன். சிரிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, நாளைக்கு எனக்கு வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாக்காங்க."

நாற்காலியை இழுக்கும் சத்தம். உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா?"

எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். சொன்னேன்.

"அப்பாவுக்கு மாரியா?"

"தெரியாது. பாத்தாதான் தெரியும்."

"அவியளுக்குப் பாக்கும்போதே எல்லாம் முத்திப்போச்சு." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீ முந்திப் போற. முந்திப் போறது நல்லதுதான்." எனக்குச் சொன்னாளா, தனக்கா. "கூட யாரு வாரா?"

"பெய்லிங். அக்கான்னு பதிஞ்சிருக்கா."

"கஞ்சி குடுக்கும்னு சொன்னியே, அந்தப் புள்ளயா?"

கஞ்சியைப் பற்றி எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லியிருக்கிறேன்.

"அவகிட்ட போனக் குடுத்துட்டு உள்ள போ. பாஷை தெரியலன்னா என்ன. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிடுதேன். அப்பாவுக்குப் பாக்கும்போதும் வெளிய நாந்தான் உக்காந்திருந்தேன்."

"சரிம்மா."

"போன இப்படியே மூஞ்சிக்கு நேரா புடி. வைக்காத. கொஞ்ச நேரம்."

வைக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

வெறும் வயிறு. தண்ணீரும் கூடாது. ஜன்னல் வழியே பெய்லிங்கின் மஞ்சள் குடை தெரிகிறது. யாரோடோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு நிற்கிறாள்.

நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன். பழுப்புக் கூட்டத்துக்குள் பச்சைப் புள்ளி. பேராசிரியருக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: இந்த ஆள் நான்தான், நோயில்லாதவர் கூட்டத்தில் சேர்த்தது தவறு, ரத்தம் சரி.

பல் தேய்த்தேன். நாக்கு வழிப்பானை எடுத்தேன், டம்ளரிலேயே திரும்ப வைத்தேன். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறேன்.